நாயைக் குளிப்பாட்டும் முன்...

– மூன்றாமாண்டு மின்னியல் மாணவன்



"நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும்..." என்று ஒரு பழமொழியை நம் வீட்டுப் பெரியவர்கள் அடிக்கடி சொல்வார்கள். பெரும்பாலும் நம்மைப் பார்த்துத்தான் சொல்வார்கள் என்பது வேறு விஷயம்! அந்தப் பழமொழிப்படி நாயைக் குளிப்பாட்டுவது வீண் வேலை. ஆனால் இன்றைக்கு அதுவே ஒரு தொழில். குளிப்பாட்டி, முடி வெட்டி, நகம் வெட்டி, காது சுத்தம் செய்து, வாசனை அடித்து அனுப்புகிற கடைகள் ஊருக்கு ஊர் வந்துவிட்டன. 'பெட் குரூமிங்' என்று போர்டு. நாம் தலைமுடி வெட்டக் கொடுக்கும் காசை விட அங்கே நாய்க்குக் கொடுக்கும் காசு பல மடங்கு என்று ஹாஸ்டலில் கேலி பேசுகிறோம்.

கேலி இருக்கட்டும். அந்தக் கடைக்குள் போகிற நாய் உயிரோடும் நலமாகவும் வெளியே வரவேண்டும் என்பதைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். "இது என்னடா சப்ஜெக்ட், ஒரு காதல் கவிதை எழுதக் கூடாதா?" என்று கேட்காதீர்கள். ஆண்டு மலரில் கவிதைக்கு என்றுமே பஞ்சம் வந்ததில்லை! தவிர, இதில் டிப்ளமோ படிக்கிற நமக்கென்றே ஒரு பங்கு இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் ஏற்காட்டுக்காரன். சேர்வராயன் மலையில் காபித் தோட்டம் எங்கே உண்டோ அங்கே நாயும் உண்டு. எஸ்டேட் பங்களாவில் லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு. லைன் வீட்டில் நம்ம நாட்டு நாய். ஒவ்வொரு வருடமும் மே மாதம் நடக்கும் கோடை விழாவில் அண்ணா பூங்கா மலர்க் கண்காட்சி போலவே நாய்கள் கண்காட்சிக்கும் கூட்டம் அலைமோதும். வெளிநாட்டு ஜாதி நாய்களுக்கு நடுவே ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் தலை நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தால் நமக்கே ஒரு மிடுக்கு வரும். அந்த ராஜபாளையத்துக்கு இந்தியத் தபால் துறை 2005இல் தபால்தலையே வெளியிட்டிருக்கிறது.

இந்தக் கண்காட்சி நெருங்கினால் போதும், மலையிலிருந்து நாய்கள் சேலத்துக்குப் பயணப்படும். எதற்கு? அலங்காரத்துக்கு!

சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்து வீட்டு மணியும் அப்படித்தான் போனான். மணி என்றால் வெள்ளை வெளேரென்று பஞ்சு மூட்டை மாதிரி இருக்கும் ஸ்பிட்ஸ். ரிடயர்டான டீச்சரம்மாவுக்குத் துணை அவன் ஒருவன்தான். அவர் தங்கை மகன் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் காலையில் ஒரு கடையில் விட்டார். "ரெண்டு மணிக்கு வாங்க சார், ரெடியா இருக்கும்" என்றார்கள். ஒன்றரை மணிக்கே போன் வந்தது. "நாய் ரொம்ப மூச்சு வாங்குது, வந்து பாருங்க."

குளிப்பாட்டி முடித்து, ஈரம் காய ஒரு கூண்டுக்குள் விட்டு, எதிரே சூடான காற்று அடிக்கும் டிரையரைப் போட்டிருக்கிறார்கள். போட்ட பையன் அடுத்த நாயைக் குளிப்பாட்டப் போய்விட்டான். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியபோது மணியின் உடம்புச் சூடு 107 டிகிரி ஃபாரன்ஹீட். சாயங்காலம் உயிர் போய்விட்டது. அன்று இரவு டீச்சரம்மா வீட்டுப் பட்டர் ஃப்ரூட் மரத்தடியில் நானும் என் தம்பியும் குழி தோண்டினோம். டீச்சரம்மா அழவில்லை. "சுடுதுன்னு சொல்ல அவனுக்கு வாயில்லையே தம்பி" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

வாயில்லா ஜீவன் என்று நாம் சும்மா சொல்லிவிட்டுப் போகிறோம். அதன் அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

ஏன் இப்படி ஆகிறது? கொஞ்சம் விஞ்ஞானம் பார்ப்போம். நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கும். நாய்க்கு உள்ளங்கால் தவிர வியர்வை இல்லை என்றே சொல்லலாம். நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் அது சூட்டைத் தணிக்கிறது. சுற்றிலும் சூடான ஈரக் காற்று இருந்தால் அந்த வழியும் அடைபட்டுப் போகிறது. நாயின் இயல்பான வெப்பநிலை சுமார் 101 முதல் 102.5 டிகிரி வரை. 104ஐத் தாண்டினால் ஆபத்து. 106ஐத் தொட்டால் மூளை, சிறுநீரகம், குடல் எல்லாம் கெட ஆரம்பிக்கும். பக், புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சு வாங்குவதே கஷ்டம் என்பதால் அவற்றுக்கு இன்னும் சீக்கிரம்.

இப்போது நம் பாடத்தைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு கன மீட்டர் காற்றை 1 டிகிரி செல்சியஸ் சூடேற்ற ஏறக்குறைய 1200 ஜூல் போதும். 1000 வாட் ஹீட்டர் வினாடிக்கு 1000 ஜூல் தருகிறது. காற்றுப் போக வழியில்லாத ஒரு பெட்டி என்றால் 30 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குப் போக அரை நிமிடம்கூட வேண்டாம்! கம்பிக் கூண்டில் காற்று வெளியேறும், அதனால் இவ்வளவு வேகம் இருக்காது. ஆனாலும் ஒரு பையன் போய் இன்னொரு நாயைக் குளிப்பாட்டி வரும் நேரம் என்பது எவ்வளவு நீளமானது என்று இந்தக் கணக்கு சொல்கிறது.

மலை நாய்க்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரம். சேலம் 300 மீட்டருக்கும் கீழே. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற கணக்கில் பார்த்தால் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்குள் ஏழெட்டு டிகிரி வெயில் ஏறிவிடுகிறது. குளிருக்குப் பழகிய நாய், வளைவில் வாந்தி எடுத்து, மே மாதச் சேலத்தில் களைத்துப் போய் இறங்குகிறது. அதை நேராகக் கொண்டுபோய்ச் சூட்டுக் காற்றில் நிறுத்தினால் என்ன ஆகும்?

மணி போன அடுத்த வருட விடுமுறையில் நான் ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடையில் எடுபிடி வேலைக்குப் போனேன். ஒருநாள் நாய் டிரையர் ஒன்று ரிப்பேருக்கு வந்தது. வேறு ஏதோ கடையுடையது. கழற்றிப் பார்த்தால், தெர்மல் கட்-அவுட்டின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்து முறுக்கி வைத்திருந்தார்கள். "அடிக்கடி ஆஃப் ஆகுதுன்னு யாரோ ஷார்ட் பண்ணி விட்டிருக்காங்கடா" என்றார் கடை அண்ணன்.

கட்-அவுட் என்பது நாம் லேபில் பார்த்த பைமெட்டல் சமாசாரம்தான். சூடு மிஞ்சினால் வளைந்து சர்க்யூட்டைத் துண்டித்துவிடும். அது ஏன் அடிக்கடி துண்டித்தது? ஃபில்டர் முழுக்க நாய் முடி! காற்று உள்ளே போகவில்லை, காயில் தகிக்கிறது, கட்-அவுட் தன் கடமையைச் செய்கிறது. ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்தால் ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் காவல்காரனைக் கட்டிப் போட்டுவிட்டார்கள். அண்ணன் புதுக் கட்-அவுட் போட்டார். "ஓடினா போதும்னுதானே சொன்னேன், எதுக்கு அதிகச் செலவு?" என்று கொண்டு வந்தவர் முணுமுணுத்தார். "கட்-அவுட் இல்லாம என் கடையிலிருந்து வெளிய போகாதுங்க" என்றார் அண்ணன். அவ்வளவுதான் பேச்சு.

டிரையர் மட்டுமல்ல. முடி வெட்டும் மேஜையில் ஒரு கம்பமும் அதில் ஒரு சுருக்கும் இருக்கும். நாய் நகராமல் நிற்கக் கழுத்தில் மாட்டுவார்கள். ஆள் பக்கத்தில் இருக்கும்வரை அது உதவி. ஆள் போனபின் நாய் குதித்தால் அது தூக்குக்கயிறு! கிளிப்பர் ஓட ஓட பிளேடு உராய்ந்து சூடாகும். நல்ல தொழில்காரர் அவ்வப்போது தன் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்ப்பார். பார்க்காதவரிடம் நாயின் வயிற்றுத் தோல் பொசுங்கும். நகத்துக்குள் ரத்தக்குழாய் ஓடுகிறது, ஒட்ட வெட்டினால் ரத்தம் கொட்டும். ஈரத் தரையில் எர்த் சரியில்லாத மெஷின் என்றால் நாய்க்கும் ஆபத்து, ஆளுக்கும் ஆபத்து. 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. அங்கே கட்டாயம் வேண்டும்.

"வெயில் காலம், மொட்டை அடிச்சிடுங்க" என்று நாமே சொல்கிற தப்பும் உண்டு. ஸ்பிட்ஸ், லாப்ரடார் போன்றவற்றுக்கு இரட்டை முடி. உள்முடி குளிரையும் தடுக்கும், வெயிலையும் தடுக்கும். வழித்துவிட்டால் தோல் வெயிலில் காயும், சில நாய்களுக்கு முடி பழையபடி வளர்வதே இல்லை. சிக்கு எடுத்துச் சீவிவிட்டாலே போதும். ராஜபாளையம், சிப்பிப்பாறைக்கு அதுவும் வேண்டாம். குட்டை முடி, வீட்டு வாசலிலேயே குளிப்பாட்டி வெயிலில் ஓடவிட்டால் காய்ந்துவிடும். ராஜபாளையத்தில் சில நாய்களுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடித்துவிடும். கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்வது நம் பொறுப்பு.

ஆக, நாயைக் கடைக்கு அழைத்துப் போகிறவர்கள் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்:

1. டிரையர் போடும்போது ஆள் பக்கத்திலேயே இருப்பாரா? சூடில்லாத காற்றில் காயவைக்க முடியுமா?

2. நாங்கள் நின்று பார்க்கலாமா? (கண்ணாடிக்கு வெளியே இருந்தாவது!)

3. வெறிநோய்த் தடுப்பூசிச் சீட்டு கேட்கிறார்களா? கேட்காத கடையில் உங்கள் நாய்க்குப் பக்கத்தில் நிற்கும் நாய்க்கும் கேட்டிருக்க மாட்டார்கள்.

4. அவசரம் என்றால் எந்த டாக்டர்? போன் நம்பர் சுவரில் ஒட்டியிருக்கிறதா?

5. நாய்க்கு வயது, இதய நோய், வலிப்பு, காதில் புண் எது இருந்தாலும் எழுதிக்கொள்கிறார்களா?

நாய் தள்ளாடினால், எச்சில் கெட்டியாக ஒழுகினால், ஈறு செக்கச் செவேலென்று ஆனால் காத்திருக்காதீர்கள். முதலில் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி ஃபேன் போடுங்கள், பிறகு டாக்டரிடம் ஓடுங்கள். வழியிலும் ஈரம் காய விடக்கூடாது.

கடையில் வேலை செய்கிறவர்கள் பொல்லாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. மணியைக் கூண்டில் விட்ட பையனுக்கு நம் வயதுதான் இருக்கும். கண்காட்சி சீசன், மதியத்துக்குள் எட்டு நாய் முடிக்க வேண்டும் என்று அவனுக்கு உத்தரவு. டாக்டர் வீட்டு வாசலில் அவன்தான் கண் கலங்கி நின்றானாம். நாய் கடித்தால் கடி வாங்குகிறவனும் அவன்தான். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஊசி போட வேண்டும் என்று அவனுக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்களா? ஒருவருக்கு எட்டு நாய் என்று வைத்தால் நாய்க்கும் பாதுகாப்பில்லை, ஆளுக்கும் பாதுகாப்பில்லை.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. முதல் தடவைக் குற்றத்துக்கு அதில் எழுதி வைத்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை! 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று வழக்குப் போடலாம். அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் குரூமிங் கடையில் இறந்துபோன பிஜூ என்ற நாயின் பெயரிலேயே, இந்தத் தொழிலுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று மசோதா கொண்டு வந்தார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் சட்டம் உயிர் போனபின் வரும். கூண்டின் பக்கத்தில் நிற்கும் ஆள்தான் உயிர் போகும் முன் வருவான்.

நம் வொர்க்ஷாப்பில் முதல் நாள் சொல்லித் தருவது என்ன? "ஓடுற மெஷினை விட்டுட்டு நகராதே." லேத்துக்கும் அதுதான், நாய் டிரையருக்கும் அதுதான். லேத்தில் மாட்டிய இரும்புக்கு வலிக்காது, கூண்டில் இருப்பதற்கு வலிக்கும்.

நண்பர்களே, நம்மில் எத்தனையோ பேர் நாளைக்கு ரிப்பேர் கடை வைப்போம், சர்வீஸ் இன்ஜினியர் ஆவோம். என்றாவது ஒருநாள் ஒருவர் டிரையரைக் கொண்டு வந்து நீட்டி, "அடிக்கடி ஆஃப் ஆகுது, அந்தக் கட்-அவுட்டை மட்டும் ஷார்ட் பண்ணிக் கொடு தம்பி" என்பார். நான் சொன்ன நம் பங்கு அதுதான். ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்து காட்டுங்கள். கட்-அவுட்டை மட்டும் தொடாதீர்கள். எவ்வளவு காசு கொடுத்தாலும் முடியாது என்று சொல்லுங்கள்!