தட்டிப் பார்த்த கூரை

மாட்டுங்கான்னு சொன்னா உங்களுக்கு மும்பை லோக்கல் ரயில்ல ஒரு ஸ்டேஷன் ஞாபகம் வரலாம். எனக்கு அது வீடு. கிங்ஸ் சர்க்கிள் பக்கம், தூங்குமூஞ்சி மரங்கள் மேல பந்தல் போட்ட மாதிரி நிக்கிற தெருவுல, 1930-களில் கட்டின மூணு மாடிக் கட்டடம். வளைஞ்ச பால்கனி, உயரமான கூரை, மே மாசத்துலயும் சில்லுனு இருக்கிற மொசைக் தரை.

1896-ல் பம்பாயில் பிளேக் பரவினப்போ, நெருக்கடியான குடியிருப்புகள்தான் அதிகம் அடி வாங்கின. காத்தும் வெளிச்சமும் வர்ற மாதிரி ஊரை விரிக்க, 1898-ல் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் வந்துச்சு. எங்க ஏரியாவின் அகலத் தெருவும் பூங்காவும் அவங்க போட்ட பிளான். வேலை தேடி வந்த தமிழர்கள் நிறையப் பேர் இங்க குடியேறினாங்க. இன்னைக்கும் வாழையிலையும் கதம்பமும் வாசல் தாண்டினா கிடைக்கும்.

எங்க தாத்தா 'பகடி' கொடுத்து உள்ளே வந்தவர். நம்ம ஊர்ல பகடின்னா கேலி. அங்கே, மொத்தமா ஒரு தொகை கொடுத்துட்டு, காலத்துக்கும் சின்ன வாடகையில இருக்கிற முறை. 1947 வாடகைச் சட்டம் பழைய வீடுகளோட வாடகையை 1940 செப்டம்பர் நிலையிலேயே கட்டிப் போட்டுச்சு. எங்க மாச வாடகை, நாம கேன்டீன்ல ஒரு வாரம் டீ குடிக்கிற காசு. அந்தக் காசுல எந்த ஓனர் ரிப்பேர் பண்ணுவார்?

போன தீபாவளி லீவுல, பாட்டி அடுப்பை விட்டு நகர்ந்த ரெண்டாவது நிமிஷம், கூரையிலிருந்து ஒரு பெரிய பத்தை அதே இடத்துல விழுந்துச்சு. மேலே பார்த்தா துருப்பிடிச்ச கம்பி.

சிவில் பசங்களுக்குத் தெரியும். நல்ல கான்கிரீட்டோட காரத்தன்மைதான் கம்பியைக் காப்பாத்துது. காத்துல இருக்கிற கார்பன்-டை-ஆக்சைடு வருஷக்கணக்குல உள்ளே இறங்கி அதைக் கொறைக்கும். கடல் உப்பும் சேர்ந்தா கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பை விட அதிக இடம் கேட்கும். கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும்.

அந்த வாரம் ரீடெவலப்மென்ட் பேப்பர் வந்துச்சு. பாட்டி கையெழுத்துப் போடல. "நீதானே இன்ஜினியர், நீ பார்த்துச் சொல்லுடா"ன்னாங்க. சுத்தியலை எடுத்துக் கூரை முழுக்கத் தட்டினேன். பாதி இடத்துல, காலி டப்பாவைத் தட்டின சத்தம்.

'ரிப்பேர் பண்ணிக்கலாம் பாட்டி'ன்னு சொல்ல மனசு துடிச்சுது. நான் தவழ்ந்த தரை அது. ஆனா, "இங்க இருக்கக் கூடாது பாட்டி"ன்னுதான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் பேனா கேட்டாங்க.

இப்போ பாட்டி வேற இடத்துல, ஏழாவது மாடியில. "இங்க ஜன்னலைத் திறந்தா மரமே இல்லையேடா"ன்னு போன்ல சொல்றாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன் மக்களே. நாளைக்கு நாம கட்டப்போற வீட்டுல கம்பிக்கு மேல கவர் சரியா விடுவோம். வாசல்ல மரத்துக்கும் கொஞ்சம் இடம் விடுவோம்.