கையை முறித்த கைப்பிடி

கையால் சுற்றாமலே கார் கிளம்பும் என்பது நூறு ஆண்டு தாண்டிய சௌகரியம். அதற்கு முன் உடைந்த மணிக்கட்டுகளின் கதை அமெரிக்காவில் டெட்ராய்ட், டேட்டன் ஆகிய இரண்டு நகரங்களில் இன்னும் சொல்லப்படுகிறது.

டெட்ராய்ட்டில் நின்று பார்த்தால் கனடா தெற்கே தெரிகிறது. இரண்டு தேசங்களுக்கும் நடுவே டெட்ராய்ட் நதி. அந்த நதிக்குள் பச்சைப் பசேலென்று பெல் ஐல் தீவு. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை விடப் பெரிய பூங்கா. இரண்டுக்கும் திட்டம் போட்டவர்களில் ஒருவர் ஃப்ரெடரிக் லா ஆம்ஸ்டெட் என்ற ஒரே மனிதர்தான். 1904-ல் திறந்த மீன் காட்சியகம், புல்வெளிகள், கார்களை நிறுத்திவிட்டு நதியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள். வேலை ஓய்ந்த நாட்களில் தொழிற்சாலை நகரம் மூச்சு விடுகிற இடம் இது. 2014 முதல் மிச்சிகன் மாநிலத்தின் பூங்காவாக நிர்வகிக்கப்படுகிறது.

தீவுக்குப் போக சுமார் 670 மீட்டர் நீளப் பாலம் ஒன்று உண்டு. 1923-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன் அங்கே 1889-ல் கட்டிய பழைய பாலம் இருந்தது. 1915-ல் அது தீப்பிடித்து அழிந்தது. மோட்டார் வரலாற்றில் அதிகம் சொல்லப்படும் விபத்துக் கதை அந்தப் பழைய பாலத்தின் மேல்தான் நடக்கிறது.

கதை இது. பனிக்காலம். ஒரு பெண்மணி ஓட்டி வந்த கெடிலாக் கார் பாலத்தில் நின்றுபோகிறது. அந்த வழியாக வந்த பைரன் கார்ட்டர், இவரும் கார் கம்பெனி முதலாளிதான், இறங்கி உதவ வருகிறார். ஹேண்டிலை நுழைத்துச் சுற்றுகிறார். ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் ஸ்பார்க் லீவரைப் பின்னுக்குத் தள்ள அந்தப் பெண்மணி மறந்துவிட்டார். எஞ்சின் திருப்பி உதைக்கிறது. ஹேண்டில் கார்ட்டரின் தாடையில் அடிக்கிறது. தாடை உடைந்து, அதன் விளைவாக நிமோனியா கண்டு அவர் இறந்துபோகிறார். சேதி கேட்ட அவரது நண்பர், கெடிலாக் கம்பெனியின் தலைவர் ஹென்றி லீலண்ட், தன் காரால் இனி ஓர் உயிர் போகக் கூடாது என்று சபதம் செய்கிறார். எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் பிறக்கிறது.

நல்ல கதை. தேதிதான் இடிக்கிறது. விபத்து 1910 குளிர்காலத்தில் நடந்ததாகப் பல புத்தகங்கள் சொல்கின்றன. கார்ட்டரோ 1908 ஏப்ரலிலேயே, 44 வயதில் காலமாகிவிட்டார். பாலம், பெண்மணி, தாடை எல்லாம் பிற்பாடு சேர்ந்தவையாக இருக்கலாம் என்று வரலாற்றாளர்கள் சந்தேகப்படுகிறார்கள்.

ஆனால் கதை எதைப் பற்றியதோ அதில் சந்தேகமே இல்லை. அந்த நாட்களில் ஹேண்டில் கையை உடைப்பது அன்றாடச் சங்கதி. பெருவிரல் பக்கமாக மணிக்கட்டில் முடியும் எலும்பின் நுனி உடைவதற்கு 'ஷோஃபர் முறிவு' என்றே மருத்துவர்கள் பெயர் வைத்தார்கள். எலும்பு முறிவுப் பாடப் புத்தகங்களில் அந்தப் பெயர் இன்றைக்கும் இருக்கிறது. கார் முதலாளி ஒருவரின் தாடை கதையாயிற்று. கூலிக்குக் கார் ஓட்டியவர்களின் மணிக்கட்டு வியாதிப் பெயராயிற்று.

ஏன் உதைத்தது?

டெட்ராய்ட்டின் பீக்கெட் அவென்யூவில் மூன்று மாடிச் செங்கல் கட்டடம் ஒன்று இருக்கிறது. பார்வைக்குப் பழைய பஞ்சாலை மாதிரி. 1904-ல் கட்டிய ஃபோர்டு தொழிற்சாலை. மாடல் டி கார் உருவானது இங்கேதான். முதல் 12,000 வண்டிகள் போல இங்கிருந்து வெளியே போயின. இப்போது மியூசியம். தேய்ந்த மரத் தளத்தில் வரிசையாக நிற்கும் பழைய கார்களின் முகத்தைப் பார்த்தால் ஒரு விஷயம் பொதுவாக இருக்கும். ரேடியேட்டருக்குக் கீழே, நாக்கு மாதிரி தொங்கும் ஹேண்டில்.

உதையின் ரகசியம் எளிமையானது. சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே ஏறி பெட்ரோல் கலந்த காற்றை அமுக்குகிறது. அங்கே ஸ்பார்க் விழுந்து தீப்பற்ற வேண்டும். தீ பரவக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதனால் எஞ்சின் வேகமாக ஓடும்போது, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே ஸ்பார்க் விழுந்தால்தான் முழு பலம் கிடைக்கும். கையால் மெதுவாகச் சுற்றும்போது அதே ஸ்பார்க் வினையாகிவிடும். பிஸ்டன் உச்சியைத் தாண்டும் முன்பே தீ முழுக்கப் பற்றி அதைக் கீழே தள்ளும். எஞ்சின் தலைகீழாகச் சுழலும், ஹேண்டிலோடு.

இதைத் தடுக்கத்தான் ஸ்பார்க் லீவர். மாடல் டியில் அது ஸ்டியரிங்கின் இடது பக்கம் இருந்தது. கிளப்பும் முன் மேலே தள்ளிவிட வேண்டும். அப்போது பிஸ்டன் உச்சியைத் தாண்டிய பிறகே ஸ்பார்க் விழும். வண்டி கிளம்பியதும் ஓடி வந்து லீவரைக் கீழே இழுக்க வேண்டும். அடுத்த முறை கிளப்பும்போது மறுபடி மேலே. ஒரு தரம் மறந்தால் போதும்.

ஹேண்டிலும் எஞ்சின் தண்டும் சேருமிடத்திலேயே ஒரு பாதுகாப்பு இருந்தது. அங்கே உள்ள பற்களின் ஒரு பக்கம் செங்குத்து, மறு பக்கம் சரிவு. எஞ்சின் பற்றிக்கொண்டு நம் கையை விட வேகமாக முன்னோக்கி ஓடினால் சரிவுகள் வழுக்கி ஹேண்டிலை வெளியே தள்ளிவிடும். ஆக, சரியாகக் கிளம்பிய எஞ்சினால் ஆபத்து குறைவு. தவறாகக் கிளம்பிய எஞ்சினிடம் இந்த ஏற்பாடு பலிக்காது. எஞ்சின் பின்னோக்கித் திரும்பினால் செங்குத்துப் பக்கங்கள் ஒன்றையொன்று கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். காப்பாற்ற வேண்டிய நேரத்தில் கைவிட்டது அந்தப் பல்.

அதனால் மிச்சப் பாதுகாப்பைக் கையே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஓட்டுநர்களுக்குச் சொல்லித் தரப்பட்ட விதிகள் இவை. இடது கையால் பிடி. கீழேயிருந்து மேலே இழு, ஒருபோதும் மேலேயிருந்து கீழே அமுக்காதே. பெருவிரலைப் பிடிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகாமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வை. எஞ்சின் உதைத்தால் ஹேண்டில் விரல்களைத் திறந்துகொண்டு நழுவிப் போகும். பெருவிரல் சுற்றியிருந்தால் அது போகும்போது கையையும் கூட்டிக்கொண்டு போகும்.

உதைதான் ஒரே அபாயம் என்றும் இல்லை. குளிரில் எண்ணெய் கெட்டியாகி மாடல் டியின் கிளட்ச் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் கிளம்பிய அந்த நொடியே கார் மெல்ல நகர்ந்து, முன்னால் நிற்பவரைச் சுவரோடு சேர்த்து அழுத்தப் பார்க்கும். பனிக்காலக் காலைகளில் விவசாயிகள் பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி வைத்துவிட்டுத்தான் ஹேண்டிலைத் தொட்டார்கள்.

மறதிக்கு மருந்து

ஆயிரக்கணக்கான வீடுகளில் கார் வந்ததும் கண்டுபிடிப்பாளர்கள் களத்தில் இறங்கினார்கள். அவர்களது வழிகளை இரண்டு மூன்று வகையில் அடக்கிவிடலாம்.

முதல் வகை, மறதியைத் தடுப்பது. ஹேண்டிலையும் ஸ்பார்க் லீவரையும் ஒரு கம்பியால் இணைத்தார்கள். ஹேண்டிலை உள்ளே அழுத்தினால் ஸ்பார்க் தானே பின்னுக்குப் போய்விடும். அல்லது ஸ்பார்க் பின்னுக்குப் போகாத வரை ஹேண்டில் உள்ளே நுழையாது.

இரண்டாவது வகை, உதையை ஒப்புக்கொண்டு கையைக் காப்பது. ஹேண்டிலுக்குள் ஒரு கொக்கி. முன்னோக்கிச் சுற்றும்போது அது பிடித்திருக்கும். பின்னோக்கித் திரும்பிய மாத்திரத்தில் நிலையான ஒரு துண்டில் முட்டி விடுபட்டுவிடும். எஞ்சின் எவ்வளவு வேண்டுமானாலும் உதைக்கட்டும், பிடி அசையாது.

மூன்றாவது, மாக்னெட்டோவிலேயே ஒரு ஸ்பிரிங். மெதுவாகச் சுற்றும்போது அது காந்தத்தைப் பிடித்து நிறுத்தி, தாமதமாக, 'டக்'கென்று விடும். தாமதத்தால் உதை இல்லை. வேகத்தால் ஸ்பார்க்கும் பலமாக விழும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஸ்பிரிங் ஒதுங்கிக்கொள்ளும். இது நிலைத்த யோசனை. டிராக்டர்களிலும் சிறிய விமானங்களிலும் நெடுங்காலம் வாழ்ந்தது.

முதல் இரண்டு வகையும் வேலை செய்தன, ஆனால் ஊரெல்லாம் பரவவில்லை. அவற்றில் பல காரோடு வரவில்லை, கடையில் தனியாக வாங்கிப் பூட்ட வேண்டும். தேய்ந்துபோனால், மண் அடைத்தால், கொக்கி சமயத்தில் விடுபடாது. கை உடையாதவரை அதற்குக் காசு செலவழிக்க யாருக்கும் தோன்றவும் இல்லை.

களஞ்சியத்தில் கிடைத்த விடை

டெட்ராய்ட்டிலிருந்து தெற்கே 300 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தால் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன். ரைட் சகோதரர்களின் ஊர். அங்குள்ள கரில்லான் பூங்காவில் அவர்கள் 1905-ல் பறக்கவிட்ட விமானமே நிற்கிறது. கூட்டம் அங்கேதான் போகிறது. அதே பூங்காவில் அடக்கமாக நிற்கும் மரக் களஞ்சியம் ஒன்றைப் பலர் கடந்து போய்விடக் கூடும். உலகத்தில் கார் ஓட்டுகிற ஒவ்வொருவரும் அந்தக் களஞ்சியத்துக்குக் கடன்பட்டவர்கள்.

எட்வர்ட் டீட்ஸ் என்பவரின் வீட்டுப் பின்புறம் இருந்தது அது. டேட்டனின் கல்லாப்பெட்டிக் கம்பெனியில் அவரோடு வேலை பார்த்த சார்லஸ் கெட்டரிங், சகாக்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, வேலை முடிந்த மாலைகளில் அங்கே கார்களுக்கான மின் சாதனங்களை உருவாக்கினார். 1909-ல் அது டெல்கோ என்ற கம்பெனி ஆயிற்று. லீலண்டின் கோரிக்கை இவர்களிடம்தான் வந்தது.

அதற்கு முன்னும் பலர் முயன்றிருந்தார்கள். அழுத்திய காற்று, சுருள் ஸ்பிரிங், அசிட்டிலின் வாயு. மின்சாரம் ஆகாது என்பது பலரது தீர்ப்பு. எஞ்சினைச் சுற்ற வேண்டுமென்றால் மோட்டார் எஞ்சின் அளவே இருக்க வேண்டும், பேட்டரியைச் சுமக்க இன்னொரு வண்டி வேண்டும் என்பது கணக்கு. கெட்டரிங் கல்லாப்பெட்டிக்கு மின் மோட்டார் பொருத்திய அனுபவசாலி. பெட்டியைத் திறக்கும் மோட்டார் நாளெல்லாம் ஓட வேண்டியதில்லை, ஒரு நொடி பலம் காட்டினால் போதும். காருக்கும் அதே கதைதான். சின்ன மோட்டாரானாலும் சில வினாடிகள் சக்திக்கு மீறி வேலை வாங்கலாம், சூடேறும் முன் ஓய்வு கொடுத்துவிடலாம். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதே மோட்டாரை டைனமோவாக்கி பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றலாம்.

1911 பிப்ரவரி 17-ல் ஒரு கெடிலாக்கில் அது வேலை செய்தது. 1912 மாடல் கெடிலாக்குகள் ஸ்டார்ட்டரோடு, மின் விளக்குகளோடு விற்பனைக்கு வந்தன. மற்ற முயற்சிகளெல்லாம் கைக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே ஏதோ ஒன்றைப் புகுத்தப் பார்த்தன. இது கையையே அங்கிருந்து அப்புறப்படுத்திவிட்டது. மறப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

யாருடைய கை?

அந்த கெடிலாக்கின் விலை 1,800 டாலர். அதே வருடம் மாடல் டி 700 டாலருக்கும் குறைவு. ஜனங்கள் வாங்கியது மாடல் டியைத்தான். 1908 முதல் 1927 வரை 1.5 கோடி. அதற்கு ஸ்டார்ட்டர் கிடைக்கத் தொடங்கியதே 1919-ல்தான். மூடிய கார்களோடு சேர்ந்து வந்தது. சாதாரண மக்கள் வாங்கும் திறந்த கார்களில் அதற்குப் பிறகும் சில வருடங்கள் தனிக் காசு கொடுத்தவர்களுக்கு மட்டும். மருந்து கிடைத்து ஏழு வருடம் ஆகியும் விவசாயியின் மணிக்கட்டு பணயமாகவே இருந்தது.

டெட்ராய்ட்டை ஒட்டிய டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு மியூசியம் இருக்கிறது. அங்கே பாதுகாக்கப்படும் கார்களில் ஒன்று 1914-ம் வருட டெட்ராய்ட் எலெக்ட்ரிக். பேட்டரியில் ஓடுவது. சத்தமில்லை, புகையில்லை, ஹேண்டிலும் இல்லை. அதில் பவனி வந்தவர் கிளாரா ஃபோர்டு, மாடல் டி முதலாளியின் மனைவி. கணவர் லட்சக்கணக்கில் செய்து விற்ற ஹேண்டிலை அவர் தொட வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

இந்தியாவுக்கு இந்தக் கதை புதிதல்ல. அம்பாசடரின் முகத்தில் ஹேண்டில் நுழைக்க ஒரு துளை பல காலம் இருந்தது. பேட்டரி கைவிட்ட காலைகளில் டிரைவர்கள் டிக்கியிலிருந்து ஹேண்டிலை எடுத்து வந்தார்கள். பழைய லாரிகளில் அந்த வேலை முதலாளிக்கோ டிரைவருக்கோ இல்லை, கிளீனர் பையனுக்கு.

வயல் கிணற்றடிகளில் ஆயில் எஞ்சினை இன்னும் கையால் சுற்றிக் கிளப்புகிறவர்கள் இருக்கிறார்கள். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் லீவர் கிடையாது. அதற்குப் பதில், அமுக்கிய காற்றைத் திறந்துவிடும் சின்ன லீவர். அதைத் தூக்கிவிட்டால் எஞ்சின் லேசாகச் சுழலும். வேகம் பிடித்ததும் லீவரை விட வேண்டும். வேகம் போதாமல் விட்டால் எஞ்சின் திருப்பி உதைக்கும். கிளம்பிய பிறகு ஹேண்டில் கழன்று வரவில்லை என்றால் அதுவும் சேர்ந்து சுழலும், துண்டோ வேட்டி நுனியோ சிக்கினால் விடாது. மின்சார மோட்டார் வந்த கிணறுகளில் இந்தப் பயம் போய்விட்டது. வராத இடங்களில் ஹேண்டிலைக் கையில் கொடுப்பதற்கு முன் பெரியவர்கள் பையனுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம், நூறு வருடம் முன்பு மாடல் டி வாங்கியவருக்குச் சொல்லப்பட்டதேதான்: பெருவிரலைச் சுற்றிப் பிடிக்காதே.