நற்குணத்திற்கு யார் சாட்சி?



எம்மிடம் மார்க்கக் கல்வி பயிலும் மாணவியருள் சிலர், கல்லூரியில் ஆங்கில இலக்கியமும் படிக்கின்றனர். ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட ‘பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்’ அவர்களுக்குப் பாடநூல். நூலைத் திறக்குமுன்பே அதன் திரைக்காட்சிகளைக் கைப்பேசியில் பார்த்துவிடுகின்றனர். “காதல் கதையை நம் பெண்மக்கள் படிக்கலாமா, ஹஜ்ரத்?” என்று பெற்றோர் வினவியதால், நாமும் அந்நூலை ஊன்றி வாசித்தோம். திரை முன்னிறுத்துவது மயக்கம். நூல் முன்னிறுத்துவது துணையைத் தேரும் அறிவு என்பதே நாம் கண்டது.

1995இல் பிபிசி ஆறு பகுதிகளாக ஒளிபரப்பிய தொடரில், நாயகன் டார்சி குளத்தில் குதித்து, நனைந்த சட்டையோடு எலிசபெத்தின் எதிரே வருகிறான். புகழ்பெற்ற அக்காட்சி நூலில் இல்லை. 2005இல் வந்த திரைப்படத்தில், விடியற்காலைப் பனிமூட்டத்தினூடே நடந்து வந்து மனம் திறக்கிறான். நூலிலோ இருவரும் பகற்பொழுதில் சாதாரணமாக நடந்தபடி பேசுகின்றனர். அவள் சம்மதித்த சொற்களைக்கூட ஆசிரியை நேர்மொழியில் எழுதவில்லை.

செருக்குடையவன் என்று முதலில் மறுத்த எலிசபெத், பின்னர் எவ்வாறு மனம் மாறுகிறாள்? டார்சி எழுதிய கடிதம் அவளைச் சிந்திக்க வைக்கிறது. பின்னர் அவனுடைய பெம்பர்லி மாளிகையைக் காணச் செல்கிறாள். அங்குள்ள வீட்டு நிர்வாகி ரெனால்ட்ஸ் அம்மையார், அவனை நான்கு வயது முதல் அறிந்தவர். அவன் தம்மிடம் ஒருபோதும் கடுஞ்சொல் பேசியதில்லை என்றும், ஏழைகளிடம் இரக்கமுள்ளவன் என்றும் கூறுகிறார். ஊதியம் பெறுபவரின் அச்சொல், செல்வரின் புகழுரையினும் அவள் உள்ளத்தில் ஆழப் பதிகிறது.

விக்கம் என்பவனோ அழகன், இனிமையாகப் பேசுபவன். எலிசபெத்தின் தங்கை லிடியா அவனை நம்பி அவனுடன் ஓடிப்போகிறாள். டார்சி லண்டனில் அவர்களைத் தேடிக் கண்டு, விக்கமின் கடன்களை அடைத்து, மணம் முடித்துவைக்கிறான். தன் உதவி வெளியே தெரியலாகாது என்றும் வேண்டுகிறான். வலக்கரம் ஈந்ததை இடக்கரம் அறியாத ஈகையைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்கின்றோமே, அதன் சாயல் இங்கே தெரிகிறது. இச்செய்திகள் திரைவடிவங்களிலும் உண்டு. எனினும் கைப்பேசிகளில் மீண்டும் மீண்டும் உலவுவது நனைந்த சட்டையே.

நம் இல்லங்களில் மாப்பிள்ளை பார்க்கும்போது எதை விசாரிக்கின்றோம்? சம்பளம், சொந்த வீடு, வெளிநாட்டு வேலை. மார்க்கப்பற்றையும் நற்குணத்தையும் முதலில் பார்க்குமாறு நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. ஆயினும் அவற்றை அறிய யாரிடம் செல்கின்றோம்? ஜமாஅத் பெரியவர்களிடம் கேட்பது நன்று. அவருடைய கடையில் வேலை செய்யும் பையனிடமும், வாகனம் ஓட்டுபவரிடமும், வீட்டில் துப்புரவு செய்யும் அம்மாளிடமும் கேட்டல் அதனினும் நன்று. மேலோரிடம் பணிவாக நடப்பது எவருக்கும் எளிது. தமக்குக் கீழுள்ளோரிடம் நடந்துகொள்ளும் முறையே குணத்தின் உரைகல்.

அக்கதையில் வரும் நடன விருந்துகளும் ஆண் பெண் கலப்பும் நம் வழிமுறை அல்ல. அதனைப் பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லிவிடுவோம். ஆனால் நூலைப் பறித்து வைத்தால், அவர்களிடம் எஞ்சுவது திரைத்துணுக்குகள் மட்டுமே. அருகில் அமர்ந்து, “விக்கமை நீ எப்போது சந்தேகித்தாய், மகளே?” என்று கேளுங்கள். திருமணப் பேச்சு வரும் நாளில், தன் மனத்தில் உள்ளதை அவள் உங்களிடம் தயங்காமல் உரைப்பதற்கு அவ்வுரையாடல் வழி திறக்கும்.

தோற்றத்தைக் கடந்து குணத்தைக் காணும் பார்வையை, வல்ல அல்லாஹ் நமக்கும் நம் மக்களுக்கும் அருள்வானாக. ஆமீன்.