பின்னால் வருகின்ற பாரம்

2024 ஆகஸ்டில் இங்கிலாந்திலிருந்து காக்காவும் மதினியும் வந்திருந்தார்கள். மூதூரில் நோயாக இருந்த மாமியைப் பார்க்க எல்லோரும் வேனில் புறப்பட்டோம். காயாங்கேணி, பனிச்சங்கேணி, வாகரை தாண்டிக் கதிரவெளி வந்தபோது லுஹர் நேரமாகிவிட்டது. கடற்கரையோரம் மரநிழலில் பாய் விரித்துத் தொழுதோம். கட்டிக்கொண்டு போன சோற்றுப் பார்சலைப் பிரிக்கும்போதுதான் காக்கா கைபேசியை நீட்டி, "இந்தா புள்ள, எங்கட புது ஊட்டைப் பாரு" என்றார்.

வீடுதான், ஆனால் சக்கரத்தின் மேல். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கின்ற பெரிய வேன். மோட்டர் ஹோம் என்கிறார்கள். பணி ஓய்வு பெற்ற கையோடு வாங்கியிருக்கிறார். இது வெறும் ஆடம்பரம் என்று முதலில் எண்ணினேன். மதினி சொன்ன பிறகுதான் விளங்கியது. அவருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்து, சத்திர சிகிச்சை செய்தும் நீண்ட தூரம் நடக்க இயலாது. வெளியூர் போனால் ஹலால் உணவு தேடி அலைய வேண்டும்; வுழூச் செய்யக் குனிந்து நிமிர வேண்டும். சொந்தச் சமையலும் சொந்தத் தண்ணீரும் கூடவே வந்தால் அந்தக் கவலையில்லை.

ஆனால், அதிலும் ஒரு சிக்கல். அந்த வண்டியை ஓரிடத்தில் நிறுத்தி, மின்சாரமும் தண்ணீரும் கொடுத்துவிட்டால், பால் வாங்கக்கூட முழு வீட்டையும் கிளப்பிக்கொண்டுதான் போகவேண்டும். ஒடுங்கிய கிராமப் பாதைகளில் அது நுழையாது. மதினிக்குத் திடீரென்று வருத்தம் கூடினால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேறு வாகனம் வேண்டும். அதற்காகச் சிலர் மோட்டர் ஹோமின் பின்னால் சிறிய கார் ஒன்றைக் கொளுவி இழுத்துச் செல்வார்களாம். காக்காவும் அப்படியே செய்ய நினைத்தார். எந்தக் கார் என்பதில்தான் வாப்பாவுக்கும் மகனுக்கும் பிணக்கு.

"ஊட்டுல நிக்கிற பெரிய கார்தான் உங்கட மதினிக்கு வசதி. ஏறி இறங்க லேசு. அதையே கொளுவலாமெண்டு இரிக்கிறன். இவன் விடுறானில்ல" என்றார் காக்கா.

மதினி சிரித்தார். "எனக்கு வசதியெண்டு நான் எப்ப சொன்னன்? ஊராக்கள் பார்க்கத்தான் அந்தக் காரு."

அந்நேரம் வீதியில் ஒரு லேண்ட் மாஸ்டர் போனது. பின்பெட்டியில் நெல் மூட்டைகள். மூட்டைகளின் மேல் ஒரு பெண்ணும் இரண்டு பிள்ளைகளும். அதைக் கண்டதும் எனக்கு நெஞ்சு திக்கென்றது.

"காக்கா, வெருகல் துறை ஞாபகமிரிக்கா?" என்று கேட்டேன்.

அவர் பேசவில்லை. சோற்றுப் பார்சலை மூடி வைத்துவிட்டார்.

1978 நவம்பர் 23-ஆம் தேதிச் சூறாவளியைக் கிழக்கிலங்கையில் யாரும் மறக்கமாட்டார்கள். நான் சொல்வது அதற்குச் சில மாதங்களுக்கு முந்திய கதை. எனக்கு 9 வயது, காக்காவுக்கு 15. வாப்பா வெருகலுக்கு அப்பால் நெல் வாங்கி, லேண்ட் மாஸ்டரில் ஏற்றி ஓட்டமாவடிக்குக் கொண்டுவருவார். இன்று வெருகலில் பாலம் இருக்கிறது. அன்று எங்கள் பக்கத்தில் "பாதை" என்று சொல்கின்ற மிதவையில்தான் ஆற்றைக் கடக்கவேண்டும். கரையிலிருந்து பாதைக்கு இறங்குமிடம் நல்ல சரிவு.

பாதைக்காரர்கள், "காக்கா, பெட்டியைக் கழட்டுங்க. நாங்க நாலு பேர் பிடிச்சு மெல்ல இறக்கித் தாறம்" என்றார்கள். மஃரிபுக்கு முன் கதிரவெளியைத் தாண்டிவிடும் அவசரம் வாப்பாவுக்கு. "ஏத்தத்துல இழுத்த மிஷின் இறக்கத்துல இழுக்காதா?" என்று சொல்லிவிட்டு இறக்கினார்.

அங்குதான் பிழைத்தது. ஏற்றத்தில் மிஷின் பெட்டியை இழுக்கிறது. இறக்கத்தில் பெட்டி மிஷினைத் தள்ளுகிறது. இரண்டு சக்கர மிஷினைத் திருப்புவதற்குக் கைப்பிடியில் இரு பக்கமும் கிளச் உண்டு. சமதரையில் இடது பக்கத்தை அழுத்தினால் இடது பக்கம் திரும்பும். பாரம் பின்னாலிருந்து தள்ளும் சரிவிலோ, அழுத்திய பக்கத்துச் சக்கரம் பிடிப்பின்றி வேகமாக உருண்டு, வண்டி எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். வாப்பாவுக்கு அது தெரியாததல்ல. அந்த நொடியில் கை பழக்கத்துக்குப் போய்விட்டது. மிஷின் ஒரு பக்கம் மடங்க, பெட்டி மறுபக்கம் சாய்ந்தது. எங்களிருவரையும் பாதைக்காரர் ஒருவர் இழுத்தெடுத்தார். மூட்டைகள் ஆற்றில் போயின. வாப்பாவின் கால் முறிந்தது.

அன்றிரவு எங்களை வைத்துப் பார்த்தது கதிரவெளியில் ஒரு தமிழ்க் குடும்பம். முன்பின் அறியாதவர்கள். அந்த அம்மா எனக்குத் தலை துவட்டி, தேத்தண்ணீர் தந்து, தன் மகளின் சட்டையை உடுத்திவிட்டார். வாப்பாவை அவர்களே மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்த நன்றிக்காகத்தான் எந்தப் பயணத்திலும் நாங்கள் கதிரவெளியில் இறங்கித் தொழாமல் போவதில்லை.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு காக்கா தானாகவே கைபேசியைத் திறந்து, மகன் எழுதி அனுப்பியிருந்த கணக்கை வாசித்தார். நான் கேள்வி கேட்டுக்கொண்டேயிருந்தேன். கேட்டதன் சுருக்கம் இதுதான்.

பிரித்தானியாவில், ஏ எழுத்து வடிவ இரும்புச் சட்டத்தில் கொளுவி இழுக்கப்படும் காரை டிரைலராகவே கணக்கில் எடுப்பார்கள். பிரேக் இல்லாத டிரைலர் 750 கிலோவுக்கு மேற்படக் கூடாது. இது வெறும் காரின் எடையல்ல. ஆளும் பொருளும் ஏற்ற அனுமதித்த உச்ச எடை. வெறுமையாக ஏறக்குறைய 730 கிலோ வரும் இரண்டு இருக்கை ஸ்மார்ட் காரும் இந்தக் கணக்கில் எல்லையைத் தாண்டிவிடும். ஆகவே எந்தக் காரானாலும், முன் வண்டி வேகம் குறைக்கும்போது பின் காரின் பிரேக்கும் தானே பிடிக்கும்படி அமைக்கவேண்டும். கொளுக்கி கழன்றால் பிரேக்கை இழுத்துவிடும் பாதுகாப்புக் கம்பியும் வேண்டும்.

அடுத்தது, முன் வண்டியின் தகட்டில் பொறித்திருக்கும் எண்கள். காக்காவின் வண்டியில் முழுப் பாரத்தோடு 3,500 கிலோ. பின்னால் இழுப்பதையும் சேர்த்து 5,000 கிலோ. அப்படியானால் வீடு நிறைந்திருக்கும்போது காருக்கு மிஞ்சுவது 1,500 கிலோதான். அவருடைய பெரிய காரின் உச்ச எடை 1,900-ஐத் தாண்டுகிறது. வாப்பாவின் பெட்டியேதான்!

மேலும், அந்தக் கார் ஆட்டோமேட்டிக் கியர். என்ஜின் ஓடினால்தான் பல ஆட்டோமேட்டிக் கியர்பெட்டிகளில் எண்ணெய் சுற்றும். என்ஜினை நிறுத்தி, சக்கரங்கள் தரையில் உருள இழுத்தால், எண்ணெயின்றிப் பற்சக்கரங்கள் தேய்ந்து கெடும். கைக் கியர் காரை நியூட்ரலில் விட்டு இழுக்கலாம். அதற்கும் அந்தக் காரின் கையேடு அனுமதிக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். சுக்கான் பூட்டு விழாதபடி சாவியையும் திருப்பி வைக்கவேண்டும். பின்னோக்கி எடுப்பதென்றால் காரைக் கழற்றிவிடுவதே வழி.

"லைசன்ஸ்?" என்று கேட்டேன். 1997-க்குப் பிறகு ஓட்டத் தேர்வு எழுதியவர்கள் பெரிய டிரைலர் இழுக்கத் தனித் தேர்வு எழுதவேண்டியிருந்ததாம். 2021 டிசம்பர் 16 முதல் அது இல்லை. 3,500 கிலோ வரை இழுக்கலாம். "சட்டம் விட்டிருக்கு. ஆனா வண்டிட தகடு விடல்லியே" என்றார் காக்கா, தனக்குத்தானே சொல்வதுபோல.

இறுதியில் டொயோட்டா ஐகோ, சிட்ரோயன் சி1 போன்ற, ஏறக்குறைய 800 கிலோ எடையுள்ள கைக் கியர் கார் ஒன்று என்று முடிவாயிற்று. ஸ்மார்ட் காரில் பேத்தி ஏற இடமில்லை. இதில் நான்கு பேர் ஏறலாம். மதினியிடம், "ஏறி இறங்கக் கஷ்டமாக இராதா?" என்று கேட்டேன்.

"சீட்டுல ஒரு மெத்தையைப் போட்டாச் சரி. இறக்கத்துல தள்ளுப்படாம ஊடு வந்து சேர்ந்தா அதுவே எனக்கு வசதி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மியையும் அரிசி மூட்டையையும் நானும் இறக்கிவைக்கத்தான் வேணும் போல" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். தண்ணீர் 100 லீட்டர் நிரப்பினால் அதுவே 100 கிலோ. எடை என்பது சட்டியிலும் குடத்திலுமிருந்துதான் சேருகிறது. அந்தக் கணக்கு நம் கையில்தானே இருக்கிறது!

2025 ஏப்ரலில் காக்கா தொலைபேசியில் பேசினார். வேல்ஸ் மலைப்பகுதிக்குப் போய் வந்திருந்தார்கள். "இறக்கத்துல கார் பின்னால இரிக்கிறதே தெரியல்ல புள்ள" என்றார். புறப்படுமுன் கொளுக்கி ஊசியையும் கம்பியையும் பின்விளக்கையும் தாமே இறங்கிப் பார்ப்பாராம். அதன் பிறகே மதினி பயண துஆ ஓதுவாராம்.

சகோதரிகளே! ஒட்டகத்தைக் கட்டாமல் இறைவனை நம்பிவிடலாமா என்று கேட்டவருக்கு நபிகள் நாயகம் (ஸல்) காட்டிய வழியை நாம் சிறுவயது முதல் மதரசாவில் கேட்டிருக்கிறோம். மோட்டர் ஹோம் நம்மில் பெரும்பாலோருக்கு வாய்க்காது. ஆனால் லேண்ட் மாஸ்டர் பெட்டியிலும், ஆட்டோவிலும், கணவரின் மோட்டார் சைக்கிளிலும் பிள்ளைகளோடு ஏறுகிறோம். வாகனம் வாங்கும்போது நிறத்தையும் விலையையும் கேட்கின்ற நாம், "இது எவ்வளவு தாங்கும்? இறக்கத்தில் எது நிறுத்தும்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவைப்போம். அன்று வெருகல் துறையில் உம்மா கூட இருந்திருந்தால் கேட்டிருப்பார் என்று வாப்பா மவுத்தாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அல்லாஹ் நம் அனைவரின் பயணங்களையும் ஸலாமத்தாக்கி வைப்பானாக. ஆமீன்.