ஆறு கிலோபைட் பெட்டி

அந்தக் கோப்பின் எடை ஆறு கிலோபைட். கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படத்தின் இடத்தில் இதுபோல ஐந்நூறு கோப்புகளை வைக்கலாம். ஆனால் சுங்குவார்சத்திரத்தில் எனக்கு அடுத்த அறையில் குடியிருக்கும் தூத்துக்குடித் தம்பி அதை, ஆம்ப்பையும் பெட்டியையும் கணக்கால் போலிசெய்யும் தன் கிட்டார் மாடலரில் ஏற்றியதும், பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் நான்கு பூட்டிய இடுப்புயரப் பெட்டி ஒன்று ஹெட்போனுக்குள் வந்து நிற்கிறது. கோப்பை நீக்கிவிட்டு அதே தந்தியை மீட்டச் சொன்னேன். தீப்பெட்டிக்குள் அடைத்த பொன்வண்டு மாதிரி கரகரவென்று இருந்தது.

தம்பிக்கு ஒரகடத்தில் கார் உதிரிபாக ஆலையில் ஷிஃப்டு வேலை. அறையில் நான்கு பேர். எந்நேரமும் யாராவது ஒருவர் நைட் ஷிஃப்டு முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வல்லம் வடகால், ஒரகடம் வரை இப்படி வாடகை அறைகளில் இருக்கும் பிள்ளைகளில் கிட்டார் வாசிப்பவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிக்கும் தென்மாவட்டத்துப் பையன்கள், வடகிழக்கிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். வால்வு ஆம்ப் ஒன்றை அதன் குணம் வெளிப்படும் அளவுக்குச் சத்தமாக வைத்தால் தெருவே எழுந்துவிடும். அதனால் இவர்களுக்கு உள்ளங்கை அகல மாடலரும் ஹெட்போனும்தான் மேடை.

"இந்தப் பெட்டி யாருதுப்பா, எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"யாரோ எடுத்துப் போட்டதுண்ணே. 'பிரிட் கிரீன்'னு பேரு இருக்கு. அதுக்கு மேல தெரியல."

அந்தப் பதில் என்னை விடவில்லை. எங்கோ ஓர் அறையில் மரப்பெட்டி ஒன்றுக்கு முன்னால் யாரோ மைக் வைத்திருக்கிறார்கள். அது எப்படி ஆறு கிலோபைட்டாகிச் சுங்குவார்சத்திரம் வந்து சேர்ந்தது?

நான் வேலை பார்ப்பது மின்னணு ஆலையின் ஒலிச் சோதனைப் பிரிவில். அந்தப் பழக்கத்தில் கோப்பைத் திறந்து பார்த்தேன். உள்ளே 2,048 எண்கள். விநாடிக்கு 48,000 என்ற கணக்கில் ஓடவிட்டால் 43 மில்லிவிநாடி. தனியாகக் கேட்டால் 'டக்' என்று ஒரு சொடுக்கு, அவ்வளவுதான். வரைபடமாகப் போட்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது. செங்குத்தாக ஓர் எழுச்சி, உடனே ஒரு சரிவு, பிறகு தேய்ந்துகொண்டே போகும் அலைச்சல். இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். ஒரு பொருளை ஒரே தட்டு தட்டினால் அது எப்படி அதிர்ந்து அடங்குகிறது என்பதன் பதிவு. அந்த ஒரு தட்டுக்கான பதில் கையில் இருந்தால், வேறெந்த ஒலியை உள்ளே அனுப்பினாலும் எப்படி வெளியே வரும் என்று கணக்குப் போட்டுவிடலாம். மாடலர் செய்வது அதைத்தான். கிட்டாரிலிருந்து வரும் மின்சமிக்ஞையை அந்த 2,048 எண்களோடு பெருக்கிக் கூட்டிக்கொண்டே போகிறது. குறுக்குவழி எதுவும் இல்லாமல் நேரடியாகச் செய்தால் விநாடிக்குக் கிட்டத்தட்ட பத்துக் கோடிப் பெருக்கல்.

இதே வரைபடத்தை நாங்கள் தினமும் பார்க்கிறோம். அசெம்பிளி முடிந்து வரும் ஒவ்வொரு கைப்பேசியும் சோதனைப் பெட்டிக்குள் போகும். மூடி இறங்கும். உள்ளேயிருந்து அடித்தொண்டையில் தொடங்கி உச்சிக்கு ஏறும் ஊளை ஒன்று, ஒரு மூச்சு நேரம்கூட நீடிக்காது. ஸ்வீப் என்போம். எதிரே இருக்கும் மைக் அதைக் கேட்டு, கணினி கணக்கிட்டு, பச்சை அல்லது சிவப்பு விளக்கைப் போடும். 2006இல் நோக்கியா வந்த காலத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசி செய்து பழகிய கைகள் ஏராளம். அந்த ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்ட பிறகும் வேலை வேறு பெயர்களில் தொடர்ந்தது. லைனில் நிற்கும் பெண்கள் பலர், விளக்கு எரிவதற்கு முன்பே ஊளையின் சாயலை வைத்து "இது போயிரும்" என்று சொல்லிவிடுவார்கள்.

ஸ்வீப்பின் பிறப்பிடத்தைத் தேடிப் போனால் பாதை பின்னோக்கி நீள்கிறது. ஒரு மண்டபத்தின் எதிரொலியை அளக்க முன்பெல்லாம் பலூனை உடைப்பார்கள், துப்பாக்கியால் சுடுவார்கள். உண்மையாகவே ஒரு தட்டு. ஆனால் அந்த ஒரு கணத்துக்குள் அடங்கும் ஆற்றல் சொற்பம். விசிறிச் சத்தத்திலேயே பாதி மூழ்கிவிடும். ரேடார்காரர்களுக்கும் இதே சிக்கல் இருந்தது. வலுவான துடிப்பு ஒன்றைக் கணநேரத்தில் அனுப்புவதற்குப் பதிலாக, ஏறிக்கொண்டே போகும் ஓர் அலையை நீட்டி அனுப்பி, திரும்பி வந்ததைக் கணக்கால் சுருக்கிக்கொள்ளலாம் என்பது அவர்கள் கண்ட வழி. பெல் ஆய்வகத்தார் 1960இல் அதன் கோட்பாட்டை விரிவாக வெளியிட்டார்கள். 1967இல் ரிச்சர்ட் ஹைசர் ஸ்பீக்கர்களை அளப்பதற்கு ஸ்வீப்பைக் கொண்டுவந்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த படி. 2000 பிப்ரவரியில் பாரிஸில் நடந்த ஒலிப் பொறியாளர் மாநாட்டில், இத்தாலியின் பார்மா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆஞ்செலோ ஃபரீனா ஒரு கட்டுரை வாசித்தார். அவர் இசை மண்டபங்களையும் கார்களின் உள்ளறை ஒலியையும் ஆராய்ந்தவர். ஸ்வீப் ஒரே சீரான வேகத்தில் ஏறாமல், ஒவ்வொரு ஆக்டேவுக்கும் ஒரே அளவு நேரம் எடுத்துக்கொண்டு ஏறட்டும் என்றார். அப்படிச் செய்தால் அதிசயம் ஒன்று நடக்கிறது. 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை பத்து விநாடி ஸ்வீப் என்று வைத்துக்கொள்வோம். பதிவைப் பின்னோக்கிச் சுருக்கும்போது ஸ்பீக்கரின் சுத்தமான பதில் ஓரிடத்தில் குவிகிறது. ஸ்பீக்கர் தானாகச் சேர்த்த சிதைவு அதோடு கலப்பதில்லை. இரண்டாம் ஹார்மானிக் கிட்டத்தட்ட ஒரு விநாடி முன்னால் தனியாக நிற்கும்; மூன்றாவது 1.6 விநாடி முன்னால். சுத்தத்தையும் சிதைவையும் கத்தரிக்கோலால் வெட்டுவதுபோலப் பிரித்தெடுக்கலாம். மண்டபங்களை அளக்க வந்த அந்த வழிதான் பிறகு கிட்டார் பெட்டிகளுக்கும் வந்தது.

பிரித்தெடுத்த சிதைவை என்ன செய்கிறோம் என்பதில்தான் ஆலையும் பக்கத்து அறையும் எதிரெதிராக நிற்கின்றன. ஸ்பீக்கருக்குள் காயில் உரசினாலோ, ஒரு துகள் உள்ளே மாட்டியிருந்தாலோ மேல் ஹார்மானிக்குகள் எட்டிப்பார்க்கும். எங்கள் பாஷையில் ரப் அண்ட் பஸ். பார்த்ததும் ரிஜெக்ட். தம்பிக்கோ அந்த ஹார்மானிக்குகள்தான் இசை. ஆம்ப்பைத் திணறும் வரை முறுக்கி, அது போடும் கூச்சலைக் காகிதக் கூம்பு வழியாக வடிகட்டிக் கேட்பதற்காகத்தான் மின்கிட்டார் உலகமே அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அலைகிறது. இருபது வருடம் சிதைவைத் தேடித் தேடித் தூக்கியெறிந்த எனக்கு, அதையே ஒருவன் கண்ணை மூடி ரசிப்பதைப் பார்த்தது பெரிய திறப்பு.

இனி அந்த 'பிரிட் கிரீன்'. மாடலர் செய்பவர்கள் வணிகச் சின்னச் சிக்கல் வராமலிருக்க அசல் பெயரை இப்படி மறைத்து எழுதுவது வழக்கம். தடம் பிடிப்பது கஷ்டமாக இல்லை. கிரீன் என்றால் இங்கிலாந்தின் செலஸ்டியன் நிறுவனத்து ஜி12எம் ஸ்பீக்கர். பின்புறக் காந்தத்தை மூடும் பச்சை உறையால் கிரீன்பேக் என்று பெயர் பெற்றது, 25 வாட். 75 ஹெர்ட்ஸிலிருந்து 5,000 ஹெர்ட்ஸ் வரைதான் அதன் ஆட்சி. எங்கள் சோதனைப் பெட்டியில் வைத்தால் நிச்சயம் சிவப்பு விளக்கு. ஆனால் அந்த 5,000க்கு மேல் வரும் சரிவுதான் பொன்வண்டை அடக்குகிறது.

பிரிட் என்பது மார்ஷல். லண்டனின் மேற்கே ஹான்வெல்லில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், பழுதுபார்ப்பவரான கென் பிரான், இளைஞர் டட்லி கிரேவன் ஆகியோர் 1962இல் தங்கள் முதல் ஆம்ப்பைக் கட்டினார்கள். முன்மாதிரி அமெரிக்காவின் ஃபெண்டர் பேஸ்மேன், அதிலும் 5எஃப்6-ஏ என்ற சுற்று. உள்ளூரில் கிடைத்த வால்வுகளையும் டிரான்ஸ்ஃபார்மரையும் போட்டார்கள். முதல் கட்டத்தில் ஃபெண்டர் வைத்திருந்த 12ஏஒய்7க்குப் பதிலாக இசிசி83 வந்ததால் பெருக்கம் கூடியது. பத்து அங்குல ஸ்பீக்கர் நான்கு கொண்ட, முதுகு திறந்த ஃபெண்டர் பெட்டிக்குப் பதிலாக, பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் நான்கை முதுகு மூடிய தனிப்பெட்டியில் அடைத்தார்கள். ஒன்றைப் பார்த்து இன்னொன்று செய்யும்போது உள்ளூர்ச் சரக்கு நுழைந்து புது ஒலி பிறந்துவிட்டது. உதிரிபாகத்தை உள்ளூர்மயமாக்குவதையே பிழைப்பாகக் கொண்ட ஒரகடத்துக்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

ஆனால் ஆறு கிலோபைட்டுக்குள் இருப்பது பெட்டி மட்டும். ஆம்ப் அதற்குள் அடங்காது. ஸ்பீக்கரில் இருமடங்கு அனுப்பினால் ஏறக்குறைய இருமடங்கு வரும். அதனால் ஒரு தட்டின் பதில் போதும். வால்வு ஆம்ப் அப்படியல்ல. மெல்ல மீட்டினால் ஒரு முகம், அழுத்தி மீட்டினால் வேறு முகம். 2011இல் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கெம்பர் கொண்டுவந்த கருவி, விதவிதமான சோதனை ஒலிகளை ஆம்ப்புக்குள் அனுப்பி, வருவதை ஒப்பிட்டு அதன் போக்கைக் கற்றுக்கொண்டது. 2016இல் டீப்மைண்ட் பேச்சொலிக்காக வேவ்நெட் என்ற நரம்பு வலையமைப்பை வெளியிட்டது. 2019 வாக்கில் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே வழியில் வால்வு ஆம்ப்பைப் படியெடுத்தார்கள். பிறகு ஸ்டீவன் அட்கின்ஸன் நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருளை எழுதி, மூலநிரலோடு இலவசமாகக் கொடுத்துவிட்டார். மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமான சோதனை ஒலி ஒன்றை ஆம்ப் வழியாக ஓட்டிப் பதிவுசெய்தால் போதும். உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் வைத்து மீதியைக் கணினி கற்கும். அவர் கொடுத்த கொடை எங்கள் பகுதி வாடகை அறைகள்வரை வந்திருக்கிறது என்பதை அவரிடம் நேரில் சொல்ல ஆசை.

இவ்வளவும் தெரிந்த பிறகு ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. ஹான்வெல்லின் பெட்டிகளை ஊர் ஊராகப் படியெடுத்து வைத்திருக்கிறார்கள். செலஸ்டியன் நிறுவனமே தன் ஸ்பீக்கர்களின் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்களை விற்கிறது. நம் மெல்லிசை மேடைகளில் முழங்கிய பெட்டிகளை யார் எடுத்து வைத்திருக்கிறார்கள்? இறக்குமதிக்கு வழியில்லாத காலத்தில் ரேடியோ மெக்கானிக் கட்டிய ஆம்ப்பும் தச்சர் அடித்த பெட்டியும்தானே இங்கே கிட்டாரைக் கேட்கவைத்தன?

வாலாஜாபாத் பக்கம், முன்பு மெல்லிசைக் குழு நடத்திய மாஸ்டர் ஒருவரிடம் அப்படி ஒன்று இருக்கிறது. பலகைப் பெட்டி, முதுகு திறந்தது, உள்ளே இந்தியக் காகிதக் கூம்பு ஸ்பீக்கர் இரண்டு. ஆம்ப்பில் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் முத்திரை பதித்த வால்வுகள். அந்த நிறுவனம் வானொலிப் பெட்டிகளுக்காகச் செய்தவை. மாஸ்டரின் மெக்கானிக் கிட்டாருக்குத் திருப்பிவிட்டிருக்கிறார். வறண்டுபோன கண்டென்சர்களுக்கு மாற்று ரிச்சி தெருவில் கிடைத்தது.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையோரக் கல்யாண மண்டபம் ஒன்றில் இரவில் எடுத்தோம். மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். வேர்வை மூக்கில் சொட்ட, தம்பி மைக்கைக் கூம்பும் நடுக்குமிழும் சேரும் கோட்டுக்கு நேராக வைத்தான். எஸ்.எம்.57; 1965இலிருந்து விற்பனையில் இருக்கும் மைக், கிட்டார் பெட்டிக்கு உலகமெங்கும் இதைத்தான் வைக்கிறார்கள். ஒரு விரற்கடை நடுவே நகர்த்தினால் கீச்சிடுகிறது, ஒரு விரற்கடை வெளியே இழுத்தால் மந்தமாகிறது. பெட்டியைத் தனியாக எடுக்க, நிறம் சேர்க்காத டிரான்சிஸ்டர் ஆம்ப்பால் ஓட்டினோம். ஸ்வீப் பாதியில் இருக்கும்போது கண்டெய்னர் லாரி ஏர் ஹாரன் அடிக்கும், மறுபடி முதலிலிருந்து. பிறகு மாஸ்டரின் ஆம்ப்பை, பெட்டிக்குப் பதில், ஸ்பீக்கரைப் போலச் சுமை தரும் லோடு பாக்ஸ் கோத்து எடுத்தோம். வால்வு ஆம்ப்பைச் சுமையில்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிடும் என்று மாஸ்டர் பக்கத்திலேயே நின்று இணைப்பைச் சரிபார்த்தார். இரவு ஏற ஏற லைன் வோல்டேஜும் ஏறியது. வோல்டேஜ் ஏறினால் வால்வின் தகட்டு மின்னழுத்தம் ஏறும், ஒலி இறுகும். ஆகவே ஒவ்வொரு பதிவின் பெயரிலும் மைக்கின் தூரம், குமிழ்களின் நிலை, மீட்டர் காட்டிய வோல்ட் மூன்றையும் எழுதிவைத்தான் தம்பி.

வரைபடம் கிரீன்பேக்கைப் போல இல்லை. சரிவு இன்னும் கீழேயே தொடங்குகிறது, நடுவில் மூக்கடைப்பான ஒரு மேடு. மெல்லிசைக் கச்சேரி கேட்டு வளர்ந்த எவருக்கும் அந்த மேடு பழக்கமானது.

மாஸ்டரிடம் ஹெட்போனைக் கொடுத்து வாசிக்கச் சொன்னோம். ஈ மைனரைப் பிடித்துத் தந்தி ஓயும் வரை கேட்டார். "பெட்டி என்னோடதுதான். ஆனா மேடை எங்க தம்பி?" என்றார்.

நியாயமான கேள்வி. ஒரு அங்குலத்தில் வைத்த மைக்குக்குப் பலகை மேடையின் அதிர்வோ, தகரக் கூரையின் எதிரொலியோ தெரியாது. அதை எடுக்கப் பார்வையாளர் வரிசையில் இன்னொரு மைக் வேண்டும். மண்டபம் அடங்குவதற்கு இரண்டு விநாடி என்றால் 2,048 எண்கள் போதாது, 96,000 வேண்டும். தம்பியின் மாடலர் அவ்வளவு நீளத்தை ஏற்காது. லேப்டாப்பில்தான் ஓட்ட வேண்டும். மண்டபக்காரரிடம் பேசியாகிவிட்டது. முகூர்த்தம் இல்லாத ஆடி மாதத்தில், எந்த இரவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.