கறுப்பாக இருந்தாலும்...

இன்று பாடத்திட்டத்தைப் பற்றியோ பயிற்றியலைப் பற்றியோ எழுதப் போவதில்லை. 'இருந்தாலும்' என்னும் ஒரே ஒரு சொல்லைப் பற்றி எழுத விழைகிறேன். அச்சொல் சில மாதங்களாக என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது.

குளுவாங்கிலிருந்து மெர்சிங் செல்லும் சாலையில் காஹாங் என்னும் சிற்றூர் இருக்கிறது. இரு மருங்கும் செம்பனைத் தோட்டங்கள். எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவிற்குச் செல்வோர் இவ்வூர் வழியாகத்தான் உள்ளே திரும்புவார்கள். மற்றபடி வெளியூரார் அதிகம் நின்று பார்க்கும் ஊரன்று. இங்கே ஒரு திருமண விருந்திற்கு நான் மனைவியோடும் மகளோடும் சென்றிருந்தேன். மகள் மூன்றாம் ஆண்டில் பயில்கிறாள். அம்மாவின் நிறம், அம்மாவின் கண்கள்.

விருந்தில் எங்கள் மேசைக்கு ஒரு பாட்டி வந்தார். தோட்டத்திலேயே பிறந்து, தோட்டத்திலேயே உழைத்து, இப்பொழுது பிள்ளைகளோடு தாமானில் குடியிருப்பவர். அவருடைய பேரப்பிள்ளைகள் இருவர் என்னிடம் பயின்றவர்கள். என் கையைப் பற்றிக்கொண்டு நலம் விசாரித்தார். பிறகு என் மனைவியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்:

"வாத்தியாரே, நீங்க நல்ல சிவப்பு. உங்க சம்சாரம் கறுப்பா இருந்தாலும் நல்ல களைதான்!"

மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "நன்றி பாட்டி" என்றேன். பாட்டி மனநிறைவோடு அடுத்த மேசைக்குச் சென்றுவிட்டார். என் மனைவி இலையில் இருந்த சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பும்போது மகிழுந்தின் பின்னிருக்கையிலிருந்து மகள் கேட்டாள்: "அப்பா, அந்தப் பாட்டி அம்மாவை நல்லா இருக்காங்கன்னு சொன்னாங்களா, நல்லா இல்லைன்னு சொன்னாங்களா?"

நல்லவிதமாகத்தான் சொன்னார் என்றேன்.

"அப்புறம் ஏன் 'இருந்தாலும்'னு சொன்னாங்க?"

இருபது ஆண்டுகளாக இலக்கணம் கற்பிக்கும் நான் அவளுக்கு விடை கூறவில்லை. சாலையைப் பார்த்தபடி வண்டியை ஓட்டினேன்.

அன்று இரவு அந்த வாக்கியத்தை வகுப்பில் பிரித்துப் பார்ப்பது போலப் பிரித்துப் பார்த்தேன். 'மழை பெய்தாலும் அவன் பள்ளிக்கு வந்தான்' என்கிறோம். மழை ஒரு தடை. அத்தடையை மீறி அவன் வந்தான் என்பது பொருள். அப்படியானால் 'கறுப்பாக இருந்தாலும் களையானவர்' என்னும்போது கறுப்பு ஒரு தடையாகிறது. அழகு அந்தத் தடையைத் தாண்டி எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறது. பாராட்டு வாக்கியத்தின் பின்பாதியில் இருக்கிறது. தீர்ப்போ முன்பாதியிலேயே எழுதப்பட்டுவிட்டது. நான் கூறிய 'நன்றி' இரண்டு பாதிகளையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டது.

வேறொன்றும் நினைவிற்கு வந்தது. வாக்கியம் அமைக்கும் பயிற்சியில் மாணவர்கள் 'அவர் ஏழையாக இருந்தாலும் நேர்மையானவர்' என்று எழுதும்போதெல்லாம் நான் சரி என்று குறியிட்டு முழுப் புள்ளிகள் வழங்கியிருக்கிறேன். இலக்கணப்படி அதில் பிழையில்லைதான். ஆனால் ஏழை என்றால் நேர்மை இருக்காது என்னும் எண்ணம் அந்த வாக்கியத்தின் அடியில் படுத்திருப்பதை ஒரு நாளும் மாணவருக்குச் சுட்டிக்காட்டியதில்லை. எனக்கே அது தெரியவில்லை என்பதுதான் உண்மை.

புகழ்வது போலப் பழிப்பது நம் மொழிக்குப் புதியதன்று. வஞ்சப்புகழ்ச்சி அணி என்று அதற்குப் பெயரும் இட்டுப் பாடமாகவே வைத்திருக்கிறோம். புறநானூற்றின் 95ஆம் பாடல் அனைவரும் அறிந்தது. அதியமானின் தூதராகச் சென்ற ஔவையாரிடம் தொண்டைமான் தன் படைக்கலங்களைக் காட்டினான். ஔவையார் அவற்றைப் பாராட்டினார். இவை பீலி அணிந்து, மாலை சூட்டப்பட்டு, நெய் பூசப்பட்டுக் காவல்மிக்க மனையில் இருக்கின்றன. எங்கள் மன்னனுடையவையோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். உன் வேல் போரையே பார்த்ததில்லை என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல இயலாது.

ஆனால் ஔவையார் தெரிந்து சொன்னார். காஹாங் பாட்டி அப்படிச் சொல்லவில்லை. அவர் உள்ளத்தில் வஞ்சம் இல்லை என்பதை அந்தச் சிரிப்பைப் பார்த்த எவரும் அறிவர். பேசியவர் பாட்டி, பேச வைத்தது நம் வழக்கு. இரட்டைப் பொருள்படும் பாராட்டு நம்மை வந்தடையும்போது முதலில் தெளிய வேண்டியது இதைத்தான் என்று எண்ணுகிறேன். சொன்னவர் குத்த நினைத்தாரா, அல்லது அவர் அறியாமலேயே அந்தச் சொல் குத்திவிட்டதா? முதலாவதற்கு நிமிர்ந்து விடை சொல்லலாம். இரண்டாவதற்குச் சொன்னவர் மேல் சினம் கொள்வதில் நியாயமில்லை. ஆயினும் குத்தியது குத்தியதுதான். வலி, சொன்னவரின் எண்ணத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

இந்த வழக்கு நமக்கு எங்கிருந்து வந்தது? சங்க இலக்கியத்தில் தலைவியை 'மாயோள்' என்று அழைப்பதுண்டு. கருநிறத்தாள் என்பது பொருள். அவளது நிறத்திற்கு 'மாமை' என்று பெயர்; அது அவள் அழகு. பிரிவுத் துயரால் அந்த நிறம் வெளிறிப் பசலை படர்வதைத்தான் அழகின் இழப்பாகப் புலவர்கள் பாடினார்கள். தன் மாமை அழகு தனக்கும் பயன்படாமல், தலைவனுக்கும் இன்பம் தராமல், பசலைக்கு இரையாகிறதே என்று வருந்தும் பெண்ணைக் குறுந்தொகையில் வெள்ளிவீதியார் காட்டுகிறார். திருவள்ளுவரும் பசலைக்கென்றே 'பசப்புறு பருவரல்' என ஓர் அதிகாரம் வகுத்தார். கறுப்பு வெளுத்தால் நோய் என்று கருதிய மொழியில்தான் இன்று கறுப்புக்கு 'இருந்தாலும்' போடுகிறோம்.

இடையில் எத்தனையோ நடந்துவிட்டன. 1975இல் இந்தியாவில் 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பு விற்பனைக்கு வந்தது. வெண்மையும் அழகும் ஒன்று என்பதை அதன் பெயரே வீடுதோறும் கற்பித்தது. 2020இல் எதிர்ப்பு வலுத்தபோது அதன் பெயரை 'குளோ அண்ட் லவ்லி' என மாற்றினார்கள். பெட்டியிலிருந்து ஒரு சொல் நீங்கியது. நம் வாயிலிருந்து நீங்கவில்லை.

படித்தவர்களிடம் இது இருக்காது என்று எண்ணிவிட வேண்டா. கேரள மாநிலத்தின் தலைமைச் செயலாளராக இருந்த வி. வேணு 2024 ஆகஸ்டு இறுதியில் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்றவர் அவருடைய மனைவி சாரதா முரளிதரன். கணவரின் பணிக்காலம் எவ்வளவு வெள்ளையோ, மனைவியின் பணிக்காலம் அவ்வளவு கறுப்பு என்று ஒருவர் கூறியதாகச் சாரதா 2025 மார்ச்சில் முகநூலில் எழுதினார். கணவருக்குப் பாராட்டு, மனைவிக்குப் பழிப்பு, இரண்டும் ஒரே மூச்சில்! ஒரு மாநிலத்தின் ஆட்சிப் பணியில் மிக உயர்ந்த நாற்காலியில் அமர்ந்தவரையும் இந்தச் சொல் விடவில்லை. நான்கு வயதில் தம் தாயாரிடம், தன்னை மீண்டும் வயிற்றுக்குள் வைத்து வெள்ளையாகப் பெற்றெடுக்க இயலுமா என்று கேட்டதை அவர் அதில் நினைவுகூர்ந்தார். கறுப்பில் அழகைக் கண்டு தமக்கும் காட்டியவர்கள் தம் பிள்ளைகளே என்றும் எழுதினார். அதைப் படித்தபோது மகிழுந்தின் பின்னிருக்கை என் நினைவிற்கு வந்தது. என் மகளுக்கு வயது ஒன்பது.

பிறரைச் சொல்வானேன்? முன்பு நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், சிறப்பு விருந்தினரை மாலையிட்டு வரவேற்க இரு மாணவியரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு வாய்க்கும். எல்லா ஆண்டுகளிலும் சிவந்த பிள்ளைகளையே நிறுத்தினேன். நிறம் பார்த்துத் தேர்ந்தெடுத்ததாக அன்று கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். 'பார்க்க இலட்சணமாக இருக்க வேண்டும்' என்று மட்டுமே எண்ணியதாகக் கூறியிருப்பேன். பழைய நிழற்படங்களை எடுத்துப் பார்த்தால் உண்மை தெரிகிறது. ஒரு கறுத்த பிள்ளைகூட மாலையோடு நிற்கவில்லை. பின்வரிசையில் நின்று கைதட்டியவர்களில் எத்தனை பேர் வீட்டிற்குச் சென்று கண்ணாடியைப் பார்த்தார்களோ, நானறியேன்.

விருந்து நடந்த மூன்றாம் நாள் மனைவியிடம் பேச்சை எடுத்தேன். பாட்டியிடம் நான் ஏதேனும் மறுத்துக் கூறியிருக்க வேண்டுமா என்று கேட்டேன்.

"மறுத்துச் சண்டை போடணும்னு நான் நினைக்கலங்க. ஆனா நன்றி சொல்லாம இருந்திருக்கலாம். அது என்னைப் பத்தின பேச்சு. எனக்காக நீங்க எப்படி வாங்கிக்கலாம்?" என்றாள். சற்று நேரம் கழித்து, "களைன்னுதானே சொன்னாங்க? எந்தக் களைன்னு கேட்டிருக்கணும். பிடுங்கிப் போடுற களையா இருக்கப்போகுது!" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு என்னைக் காப்பாற்றியது. எனினும் அவள் முதலில் கூறியதே பாடம். மனைவியைப் பற்றிய பாராட்டு கணவனுக்கு வரும் பரிசன்று. அதைப் பெற்றுக்கொள்வதும் திருப்பி அனுப்புவதும் அவள் உரிமை. கணவன் செய்யக்கூடியது ஒன்றுண்டு. வாக்கியத்தில் உள்ள நல்ல பாதியை வைத்துக்கொண்டு, மற்ற பாதியைச் சிரித்த முகத்தோடு திருத்திக் கொடுக்கலாம். அன்று பார்த்துக் கற்றுக்கொள்ளப் பிள்ளைகள் அருகில் இருந்தால் கட்டாயம் திருத்த வேண்டும். பெரியவர்களை மதிப்பது வேறு, அவர்கள் சொல்லும் அனைத்திற்கும் தலையாட்டுவது வேறு என்பதை அவர்கள் அவ்வாறுதான் கற்பார்கள்.

மகளுக்கும் அன்றே விடை கூறினேன். "பாட்டி அம்மாவைப் பாராட்டத்தான் நினைத்தார். ஆனால் ஒரு சொல்லைத் தவறாகப் போட்டுவிட்டார். அப்பாவும் திருத்தாமல் விட்டுவிட்டேன்" என்றேன். தோலில் உள்ள மெலனின் என்னும் நிறமி வெயிலின் கடுமையிலிருந்து உடலைக் காக்கிறது, அது கூடுதலாக இருந்தால் தோல் கறுப்பாக இருக்கும், அவ்வளவுதான் என்றும் விளக்கினேன். அவள் அறிவியலைக் கேட்டுக்கொண்டாள். ஆனால் நான் பிழையை ஒப்புக்கொண்டதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது.

தீபாவளிக்கு அந்தப் பாட்டியின் வீட்டிற்குச் சென்றோம். முறுக்குத் தட்டை நீட்டிய கையோடு என் மகளின் முகவாயைத் தொட்டு, "இதுவும் அம்மா மாதிரி கறுப்பா இருந்தாலும்..." என்று தொடங்கினார்.

"பாட்டி, கறுப்பு, அழகு. ரெண்டையும் சொல்லுங்க. நடுவுல 'இருந்தாலும்' வேணாம்" என்றேன், சிரித்துக்கொண்டே.

பாட்டி என்னை வியப்போடு பார்த்தார். பிறகு தம் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். வெயிலில் செம்பனைப் பழம் பொறுக்கிக் காய்த்துப்போன கை.

"தம்பி, நானும் கறுப்புதானே. கட்டிட்டு வந்த நாள்ல இருந்து 'கறுப்பி'ன்னுதான் கூப்பிட்டாங்க. களையா இருக்கேன்னு யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. அதான் உங்க சம்சாரத்தப் பார்த்ததும் ஆசையாச் சொன்னேன்."

எனக்குப் பேச்சு எழவில்லை. தமக்கு ஒரு நாளும் கிடைக்காத பாராட்டை, தமக்குத் தெரிந்த ஒரே வடிவில், என் மனைவிக்கு அவர் வழங்கியிருக்கிறார். நானோ அதை வாக்கியமாகப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி நாற்காலியை நகர்த்திப் பாட்டியின் அருகில் அமர்ந்தாள். அந்தக் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, "நீங்க அழகா இருக்கீங்க பாட்டி" என்றாள். வேறொன்றும் சேர்க்கவில்லை. பாட்டி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போம்மா" என்றார்.

ஆசிரியர்களே, பெற்றோர்களே, 'உம்' என்னும் இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள்கள் உண்டு என்கிறது தொல்காப்பியம். அவற்றுள் எண்ணும்மையும் ஒன்று. 'கறுப்பாக இருந்தாலும் அழகு' என்பதில் தடையைக் காட்டும் அதே 'உம்', 'கறுப்பும் அழகும்' என்னும்போது இரண்டையும் அருகருகே நிறுத்துகிறது. அடுத்த முறை வாக்கியம் அமைக்கும் பாடம் நடத்தும்போது இவ்விரண்டையும் வெண்பலகையில் எழுதி, வேறுபாடு என்னவென்று பிள்ளைகளையே கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன். முதலில் கையை உயர்த்தியவள் பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு மாணவி. இவ்வாண்டு விருந்தினருக்கு மாலையிடப் போகிறவளும் அவள்தான்.