யந்திரம் எழுதிய பாட்டி

கேட்டதற்கெல்லாம் விடை எழுதித் தரும் ‘சாட்ஜிபிடி’ 2022 நவம்பரில் வெளிவந்தது முதல், உபாத்தியாயர்களாகிய எங்களுக்குப் புதிய பாடம் ஒன்று சேர்ந்திருக்கிறது.

என் வகுப்புச் சிறுமி ஒருத்தி ‘என் பாட்டி’ என்று வியாசம் கொண்டுவந்தாள். எழுதியது இத்தகைய யந்திரம். பிழை ஒன்றுகூட இல்லை, பாட்டியும் இல்லை! “பாட்டி உன்னை எப்படி அழைப்பாள்?” என்றேன். “‘குஞ்சு’ என்று, ஸார்” என்று நாணினாள். அந்த ஒரு சொல் யந்திரத்துக்கு எங்ஙனம் தெரியும்?

எண்ணிறந்த வாக்கியங்களைப் பயின்று, அடுத்து வரத்தக்க சொல்லைக் கணிப்பதே அதன் வித்தை. சொன்னது மெய்தானா என்பதற்கு அந்தக் கணக்கு ஜாமீன் ஆகாது.

ஆகவே, பெற்றோர்களே, குழந்தைகளுக்கு மூன்று பழக்கம் ஊட்டுங்கள்: யந்திரம் சொன்னதை வேறோரிடத்தில் ஒத்துப் பார்த்தல், வீட்டு அந்தரங்கங்களை அதனிடம் உரையாதிருத்தல், அதன் எழுத்தைத் தம்முடையதென்று நீட்டாதிருத்தல். நாம் முதலில் பழகினால் அவர்களும் பழகுவார்கள்.